குழாய் அடைத்த இரவு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உனது இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் இருந்துவிட்டேன், மன்னித்துக்கொள். வீட்டில் எல்லாரும் சுகம். கணக்கு மாஸ்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு நான் வராத காரணத்தை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

எனக்குப் புரஸ்டேட் சத்திரசிகிச்சை நடந்தது. வயிற்றை வெட்டாமல், சலம் போகும் வழியாலேயே கருவியைச் செலுத்தி, வீங்கியிருந்த பகுதியைச் சுரண்டி எடுத்தார்கள். சலப்பைக்குள் போட்ட கதீற்றர் குழாய் வழியாகச் சேலைன் விட்டுக் கழுவக் கழுவ, சிவந்து வந்த சலம் இரண்டு நாளில் தெளிந்தது. மூன்றாம் நாள் குழாயைக் கழற்றியபோது சலம் இறங்கவில்லை. திரும்பவும் குழாய் போட்டு, ஒரு கிழமை கழித்துக் கிளினிக்குக்கு வரச் சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த நான்காம் இரவுதான் அது நடந்தது. குழாயோடு இணைத்த, சலம் சேரும் பை அடிக்கடி நிறையுமென்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தேன். மலச்சிக்கலில் முக்கியும் இருந்தேன். நடுச்சாமத்தில் அடிவயிறு முறுக்கிப் பிழிந்தது. குழாயின் பக்கத்தால் சலம் கசிந்து சாரன் நனைந்தது. கசிகிறதுதானே, சலப்பை வெறுமையாகிக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, மனைவியை எழுப்ப வெட்கப்பட்டு, நான்கு மணிவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். பையில் ஒரு துளியும் சேரவில்லை என்பதை அவள்தான் கண்டாள். ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினோம். தாதி பெரிய சிறிஞ்சால் சேலைன் செலுத்தி இழுத்ததும் கட்டியான இரத்தம் வந்தது. பின்னால் 900 மில்லிலீற்றர் சலம் இறங்கியது. அந்த ஆறுதலை எழுத எனக்குச் சொல் இல்லை.

மச்சான், சலப்பை இறுகிச் சுருங்கும்போதும் பக்கத்தால் கசியும். அப்போது பையிலும் சலம் இறங்கிக்கொண்டிருக்கும். கசிவு இருந்தும் பை வெறுமையாக இருந்தால், முதலில் குழாய் மடிந்திருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அடைப்புத்தான், விடியும்வரை காத்திருக்காதே. வீடு திரும்பும் நாளில் இதை எவரும் எனக்குச் சொல்லவில்லை என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. காய்ச்சலோ நடுக்கமோ வந்தாலும் உடனே போ. பை எப்போதும் சலப்பைக்குக் கீழே தொங்கட்டும். குழாயை இழுத்துவிடாதே; உள்ளே அதைப் பிடித்திருப்பது நீர் நிரப்பிய சிறு பலூன்.

அடுத்த மாதம் உனக்கும் இதே சிகிச்சை. உன் பிடிவாதம் நான் அறிந்தது: குழாய் கழற்றிய மறுநாளே வட்டைக்குப் போய் நெல் மூட்டையில் கைவைப்பாய். உள்ளே காய்ந்த பொருக்கு இரண்டாம் கிழமையளவில் உதிரும்போது இரத்தம் மறுபடியும் வரலாம். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்காதே.

எனக்கு இப்போது குழாய் இல்லை. சலம் நன்றாகப் போகிறது. திகதி தெரிந்ததும் எழுது. நீ வீடு திரும்பும் முதல் கிழமை அக்கரைப்பற்றுக்கு வந்து, இரவில் உன்னோடு தங்குவேன்.

அன்புடன்,
உன் மச்சான்