மிஸ்ஸியம்மாவுக்கு வண்ணம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் சேர்த்து மறுவெளியீடு செய்ய வேண்டும் என்ற தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். இளைஞர்கள் கறுப்பு-வெள்ளையைக் கண்டாலே ஒதுங்குகிறார்கள் என்ற வாதத்தை ஏற்க இயலவில்லை. எல்.வி.பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’வையே (1955) எடுத்துக்கொள்வோம். வேலையில்லாப் பட்டதாரிகள் இருவர், ஆசிரியர் பணிக்காகக் கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஒரே வீட்டில் குடியேறுகிறார்கள். நகைச்சுவை முழுவதும் சாவித்திரியின் சிடுசிடுப்பிலும் ஜெமினி கணேசனின் அசட்டுப் பொறுமையிலும் இருக்கிறது; புடவையின் நிறத்தில் இல்லை. ‘வாராயோ வெண்ணிலாவே’ பாடலில் மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவு காட்டும் நிலவுக்கு எந்த வண்ணத்தைப் பூசுவார்களோ!

சென்ற பொங்கல் விடுமுறையில் கல்லூரியில் படிக்கும் என் பேத்தியும் அவள் தோழிகளும் இப்படத்தை எழுந்திருக்காமல் பார்த்தார்கள். நிறத்தைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை. இரைச்சலில் தங்கவேலுவின் வசனம் பாதி கேட்கவில்லை என்றுதான் சலித்துக்கொண்டார்கள். எனவே, வண்ணத்துக்குச் செலவிடும் தொகையில் ஒலியைச் செப்பனிட்டு, கீறல் நீக்கிய பிரதிகளை வார இறுதிக் காலைக் காட்சிகளாகவேனும் திரையிடத் தயாரிப்பாளர்கள் முன்வரலாம்.

- வாசகர், திருச்சி