சப்போட்டா மரத்தின் சொந்த ஊரிலிருந்து

கண்ணா,

நேற்று சாயந்திரம் காட்டை விட்டு வெளியே வந்துவிட்டேன், நன்றாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளாக என்னிடமிருந்து ஒரு செய்தியும் வராமல் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும், ஆனால் கார்மெலிட்டா கிராமத்தைத் தாண்டினால் போன் வேலை செய்யாது. இப்போது குவாத்தமாலாவின் பெட்டேன் இட்சா ஏரியில் இருக்கும் ஃப்ளோரஸ் என்கிற குட்டித் தீவில், ஓட்டல் வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்து எழுதுகிறேன்.

காட்டுக்குள் இருக்கும் பழைய மாயா நகரமான எல் மிராடோருக்கு ஹெலிகாப்டரிலேயே போகலாமே, இந்த வயதில் எதற்கு நடை என்று நீ கேட்டாய். நான் பிடிவாதமாக இருந்ததும் உனக்குக் கோபம் வந்தது. கோபம் நியாயம்தான். ஆனாலும் ஏன் நடந்தேன் என்று சொல்கிறேன், கேள்.

கார்மெலிட்டாவிலிருந்து ஒரு பக்கம் மட்டும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். கூடாரம், தண்ணீர், அரிசி எல்லாம் கோவேறு கழுதைகள் சுமக்கும், நம் பையை நாம் சுமக்க வேண்டும். முதல் நாள் வழியில் இருக்கும் எல் டிண்டால் வரை நடந்து அங்கே தூங்கி, மறுநாள் மிராடோர். மழை இல்லாத மாதம் என்பதால் தாழ்வான இடங்களில் சேறு காய்ந்து, கழுதைக் குளம்புக் குழிகள் கல் மாதிரி இறுகிக் கிடந்தன. அதில்தான் கால் மடங்கி விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது, இரண்டாம் நாள் கடைசி மூன்று மணி நேரம் என்னைக் கழுதை மேல் ஏற்றித்தான் கூட்டிப்போனார்கள். உன்னிடம் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன், இப்போது வீக்கம் வடிந்துவிட்டது.

அந்த முதல் நாள் மத்தியானம் வழிகாட்டி ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தினார். அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியவில்லை, அடிமரம் முழுக்கக் கத்தியால் கீறிய பழைய தழும்புகள், வளைந்து வளைந்து மேலே போகின்றன. கீழே கிடந்த இலையை எடுத்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. சப்போட்டா! நம் கிணற்றடியில் நிற்கிறதே, அதே மரம். முப்பது வருஷம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள்தான், அதன் சொந்த ஊர் இந்தக் காடுகள் என்று பாடத்தில் படித்தவள்தான், ஆனால் அங்கே நின்றபோது தொண்டை அடைத்துக்கொண்டது. சின்ன வயதில் பழுக்காத காயைக் கடித்துவிட்டு, உதடெல்லாம் பால் ஒட்டி நீ அழுதாயே, அந்தப் பாலைத்தான் இங்கே கீறி வடித்துக் காய்ச்சி சூயிங்கம் செய்ய அனுப்பினார்கள். கார்மெலிட்டாவே அந்தப் பால் எடுப்பவர்களின் முகாமாகத்தான் தொடங்கியது. எங்கள் வழிகாட்டியின் அப்பாவும் அந்த வேலை செய்தவராம். வழிகாட்டி மரத்தைத் தட்டிப் பேசிய விதம், நம் தாத்தா தென்னையைத் தட்டிப் பேசுவது மாதிரியே இருந்தது.

ஹெலிகாப்டரில் போயிருந்தால் அந்த மரத்தைப் பச்சையாக ஒரு புள்ளியாகப் பார்த்திருப்பேன்.

அப்புறம் சாலை. இந்த நகரங்களைக் கட்டிய மாயாக்கள் அதை சாக்பே என்பார்கள், வெள்ளை வழி என்று அர்த்தம். கல்லை நிரப்பி உயர்த்தி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசி, சில இடங்களில் 40 மீட்டர் அகலத்துக்குப் போட்டிருக்கிறார்கள், இரண்டாயிரம் வருஷத்துக்கும் முன்னால். அவர்களிடம் மாடும் கிடையாது, குதிரையும் கிடையாது, வண்டிச் சக்கரமும் கிடையாது, ஒவ்வொரு கல்லும் மனிதன் முதுகில் வந்தது. ஐந்து கிலோ பையோடு மூச்சுவாங்கி நிற்கும்போதுதான் அது உறைத்தது.

மிராடோரில் இருக்கும் லா டாண்டா பிரமிடு 72 மீட்டர் உயரம். மரப்படிகளில் மெதுவாக ஏறினேன், மேலே போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு பக்கமும் காடுதான், ஒரு விளக்கு இல்லை. தூரத்தில் குன்று மாதிரித் தெரிந்த ஒன்றை வழிகாட்டி காட்டி, அது குன்றில்லை, நக்பே நகரத்தின் பிரமிடு என்றார். அந்த நேரத்துக்கு ஊளைக்குரங்குகள் தொடங்கின. குரங்குச் சத்தம் என்று நம்பவே முடியாது, அடிவயிற்றில் அதிர்கிறது. கூடாரத்தருகே மேய்ந்த வான்கோழிகளுக்கு வாலில் மயில்கண் மாதிரி நீலப் பொட்டு!

இவ்வளவு பெரிய நகரத்தை கி.பி. 150 வாக்கில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சுண்ணாம்பு சுட விறகுக்காகக் காட்டை வெட்டி வெட்டி, மண் கரைந்து நீர்நிலைகளையும் வயல்களையும் மூடியதுதான் காரணம் என்று சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்றைக்கு அந்தக் காடு திரும்பி வந்து எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டிருக்கிறது. 1990-ல் மாயா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தும், மேய்ச்சலுக்காகத் தீ வைப்பது நிற்கவில்லை. அதனால்தான் அந்த கார்மெலிட்டா ஆட்களுக்கு நம்மைப் போல நடந்து வருபவர்கள் கொடுக்கும் கூலி போய்ச் சேருவது முக்கியம் என்று நினைக்கிறேன், காடு நின்றால்தான் அவர்களுக்குப் பிழைப்பு.

நீயும் வா கண்ணா. பிப்ரவரியிலிருந்து ஏப்ரலுக்குள் வா, மழைக்காலத்தில் முழங்கால் சேறு. புது ஷூ போட்டு வராதே, இரண்டு மாதம் போட்டுப் பழகியதாக இருக்கட்டும். முழுக்கைச் சட்டை, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகிக்கொள், உண்ணி ஏறும். ராத்திரி டார்ச் இல்லாமல் கூடாரத்தை விட்டு இறங்காதே, அந்தக் காட்டுப் பாம்பு விஷம் கொடியது.

நாளைக்கு டிக்கால் என்கிற இன்னொரு பழைய மாயா நகரத்துக்குப் போகிறோம். அது பஸ் போகிற இடம், பயப்படாதே. அங்கே கோயில் வாசல்களுக்கு மேல் உத்தரமாக வைத்தது சப்போட்டா மரம்தானாம், 1200 வருஷம் தாண்டியும் கரையானுக்கு அசையாத மரம். அதைப் பார்த்துவிட்டுப் போன் பண்ணுகிறேன், எடு.

அம்மா