ஆண்டறிக்கை: ராயப்பர் கோயிலும் நம் ராயபுரமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ராயபுரத்தின் பழைய கதைகளைப் பெரியவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். இந்த ஆண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி அதற்கே போனது. அதனால் அதைத்தான் முதலில் சொல்கிறேன்.

புனித ராயப்பர், அதாவது இயேசுவின் சீடரான பேதுரு, பெயரிலுள்ள நம் கிறிஸ்தவக் கோயிலில் இருந்து தொடங்கினோம். ஊருக்கே பெயர் தந்த கோயிலை விட்டுவிட்டு வேறெங்கே தொடங்குவது? 1829-இல் அது எழுந்தது கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் படகோட்டிய குருகுல வம்சத்தாரின் பணத்தில். அன்று மதராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தள்ளி ஆழக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளானாலும் சரக்கானாலும் அலையைக் கடந்து கரைசேர மசூலா படகுதான் கதி. எவ்வளவு பெரிய துரையாக இருந்தாலும் நம் படகோட்டிகளின் கையை நம்பித்தான் இந்த மணலில் இறங்கினார். அலையோடு மல்லுக்கட்டிச் சம்பாதித்த கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்து, இத்தனை உயரமான ஒரு கோயிலைக் கட்டியிருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பதிவுகளில் என் மனதில் நின்றது ஒரு பெரியவரின் பேச்சு. மசூலாவில் ஆணியே கிடையாது. பலகையோடு பலகையைத் தென்னங்கயிற்றால் தைப்பார்கள். அதைச் சொல்லி விளக்க முடியாமல், பெரியவர் இரண்டு அட்டைத் துண்டுகளையும் ஒரு துண்டுக் கயிற்றையும் கேட்டு வாங்கினார். இடைவெளியில் நாரை அடைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டு இறுக்கி, இரு முனையையும் பிடித்து வளைத்துக் காட்டினார். “ஆணி அடிச்ச படகு அலையில தரை தட்டுனா பொளந்துடும் தம்பி. இது வளைஞ்சு குடுக்கும்” என்றார். அந்த வீடியோவைக் கட்டாயம் எல்லோரும் பாருங்கள்.

துறைமுகம் வந்த கதை நமக்கு இனிப்பும் கசப்பும் கலந்தது. 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள், 1881 புயல் கட்டியதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். மசூலாவின் பிழைப்பு மெல்ல மெல்லப் போனது. அதோடு நிற்கவில்லை. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டது. அந்தப் பக்கம் மெரினா அகன்றது. இந்தப் பக்கம் கடல் நம் கரையை அரித்தது. இன்று நாம் பார்க்கிற கல் தடுப்பு அப்படி வந்ததுதான். மெரினாவின் அழகைப் பேசுகிறவர்கள் வடசென்னை இழந்த மணலையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கடலுக்குள் போன இடங்களைப் பெரியவர்கள் சொல்லச் சொல்ல, நம் இளைஞர் அணி ஒரு வரைபடத்தில் குறித்து வருகிறது. அது இன்னும் முடியவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் பெரும்பாலான பதிவுகளைச் செய்தோம். விசைப்படகுகள் காசிமேட்டில் கட்டிக் கிடந்ததால் வீட்டில் ஆள் இருந்தார்கள், பேசவும் நேரம் இருந்தது. கையில் காசில்லாத அந்த நாட்களிலும் போன வீட்டிலெல்லாம் டீ கொடுத்து உட்கார வைத்தார்களே, அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

பள்ளிப் பிள்ளைகளை மரபு நடைக்கு அழைத்துப் போனோம். 1856 ஜூலை 1-இல் ஆற்காட்டுப் பக்கம் இருக்கும் வாலாஜா ரோடு ஸ்டேஷனுக்கு ரயில் புறப்பட்ட நம் ராயபுரம் ஸ்டேஷனைப் பார்த்தார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அதுதான். மாதா கோயில் பெயர் தாங்கிய தெருவிலேயே 1910 முதல் பார்சிகளின் அக்கினிக் கோயில் இருப்பதைப் பிள்ளைகள் வியந்து கேட்டார்கள். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ராபின்சன் பூங்காவில் நடையை முடித்தோம்.

ஜூன் 29 ராயப்பர் திருநாளுக்குக் கோயில் நிர்வாகத்தில் உதவும் பங்குப் பேரவை கேட்டபடி, கூட்டத்தை ஒழுங்குபடுத்த நம் தொண்டர்கள் நின்றார்கள். எல்லா மதத்துப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். ராயபுரத்தில் அது புதிதல்ல. மழைநீர் வடிகால் அடைப்பு பற்றிக் கொடுத்த மனுக்களுக்குச் சரியான பதில் இன்னும் வரவில்லை. விடப்போவதில்லை, மழைக்கு முன் உறுப்பினர்கள் திரண்டு நேரில் போக வேண்டும்.

பதிவுகளின் பிரதி ஒன்றைக் கோயிலிலும் ஒன்றை நூலகத்திலும் வைக்கச் செயற்குழு பரிந்துரைத்திருக்கிறது. பேசியவர்களின் குடும்பத்தார் சம்மதம் பெற்ற பிறகே வெளியே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அதை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்துப் படிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்