சனிக்கிழமை ஓவிய வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

மானாமதுரை மக்களுக்கு வணக்கம்.

சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான ஓவிய வகுப்பு, இந்தக் கல்வியாண்டு முழுக்க நிற்காமல் நடந்தது. உதவியவர்கள் யாரும் பெயர் போட வேண்டாம் என்றுவிட்டார்கள். சரி, செய்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம்.

முதலில் மண்பாண்டத் தொழிலாளர்கள். கடத்துக்குப் பேர்போன மண்ணை மிதித்துப் பதமாக்கி, காசு வாங்காமல் கொடுத்தார்கள். ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு ஈரமண் கையில் ஒட்டினாலே ஆகாது. "மண்ணைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்க, பைக்கு மேலேயே அமுக்கட்டும்" என்றார் அங்கிருந்து வந்த ஒரு பெரியம்மா. எந்தப் பயிற்சி முகாமுக்கும் போனவரில்லை அவர்!

சைக்கிள் கடை அண்ணன் பழைய டியூபை வெட்டி பிரஷ் காம்புகளில் தடிமனாகச் சுற்றிக் கொடுத்தார். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் கையில் இப்போது பிரஷ் நழுவாமல் நிற்கிறது.

ஜன்னல்களுக்குக் கொசுவலை அடிக்கும் தம்பி மிச்சத் துண்டுகளைக் கொடுத்தார். அட்டையில் வலையை ஒட்டி, மேலே தாளை வைத்து, கிரேயானால் அழுத்தி வரைந்தால் கோடு சொரசொரப்பாகப் புடைத்து நிற்கும். பார்வையற்ற பிள்ளைகள் தாங்கள் வரைந்ததைத் தடவிப் பார்த்து, "மாட்டுக்கு வால் போடலையே" என்று தாங்களே திருத்திக்கொள்கிறார்கள். கண் தெரியாதவர்களுக்கு எதற்கு ஓவியம் என்று கேட்டவர்களும் உண்டு. சாந்திநிகேதன் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி 1957இல் பார்வையை இழந்த பிறகுதான் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சுவர்ச் சித்திரம் அமைத்தார்.

எங்களில் சிலர் இதைப் புண்ணியக் காரியமாகவே பேசிக்கொண்டிருந்தோம். சிறப்புப் பயிற்றுநர் அக்காவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். இவர்கள் பங்கேற்கும்படி கலைப் பாடங்களை மாற்றியமைக்க வேண்டும் என்றே அதில் இருக்கிறது. தலைமையாசிரியர்களிடம் அறை கேட்கப் போனபோது அது நன்றாகவே கைகொடுத்தது. அறை திறந்துவிட்ட அவர்களுக்கும், பாதி வாடகைக்கு ஓட்டிய ஆட்டோக்காரர்களுக்கும், வீட்டுவேலையை ஒதுக்கிவைத்துக் கூட வந்த அம்மாக்களுக்கும் நன்றி.

பரிசு கொடுப்பதைப் படம் எடுத்துக்கொள்ள மட்டும் வந்தவர்களுக்கு ஒரு வணக்கம்.

அப்புறம், ஸ்கெட்ச் பென் போதும், நிறையவே சேர்ந்துவிட்டது. சக்கர நாற்காலியில் பொருத்தும் சாய்வுப் பலகை செய்யத் தச்சர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் பழைய பிளைவுட் கிடந்தால், ஜூனில் பள்ளி திறப்பதற்குள் சொல்லி அனுப்புங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சனிக்கிழமை ஓவிய வகுப்பு நண்பர்கள்