ஹபரணை றோட்டால ஓடுற டிரைவர் அண்ணமாருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில இருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் பஸ், வான், லொறி ஓடுற அண்ணமாரே, வணக்கம்.

கந்தளாய் தாண்டி கல்லோயா, ஹபரணை எண்டு காட்டுக்குள்ளால போற அந்தத் துண்டில யானைக்குப் பயந்து எல்லாரும் ஸ்லோ பண்ணுவீங்க. அதே இடத்தில விடியவும் பொழுதுபடவும் றோட்டுக் கரையில மேயுற காட்டுக்கோழிக்கும் கொஞ்சம் அக்சிலேட்டரில இருந்து காலை எடுங்க எண்டு கேக்கத்தான் இதை எழுதுறன்.

இது எங்கட தேசியப் பறவை, இலங்கையை விட்டா உலகத்தில வேற எந்தக் காட்டிலயும் இல்ல. சேவலை நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, செம்மஞ்சள் உடம்பு, வெயில் பட்டா ஊதாவா மின்னுற கறுத்த வால், சிவப்புக் கொண்டையிண்ட நடுவில ஒரு மஞ்சள் திட்டு, அவ்வளவு வடிவு. அது 70 சென்றிமீற்றர் கிட்ட வரும், தூரத்திலயே கண்ணில படும். பிரச்சினை பேட்டுக்கோழிதான். நீளத்தில சேவலிண்ட பாதிதான், காஞ்ச இலையிண்ட அதே மண்ணிறம், வயித்தில மட்டும் வெள்ளையும் கறுப்புமா கோடு. கிட்டப் போகும் வரைக்கும் தெரியவே தெரியாது, அதுக்குப் பின்னாலதான் குஞ்சுகள் வரும்.

வீட்டுக்கோழி மாதிரி ஒரே அடையில பத்துப் பன்னிரண்டு பொரிக்கிற சாதி இல்ல இது, ரெண்டில இருந்து நாலு முட்டைதான், அதுவும் நிலத்தில இட்டு நரி, கீரி, பாம்பு எல்லாத்திட்டயும் தப்பி வரவேணும், அப்பிடித் தப்பி வந்த ரெண்டு குஞ்சு ஒரு டயருக்குக் கீழ போனா அந்தத் தாயிண்ட முழு அடையும் போச்சு. இதை நினைச்சா எனக்கு வயிறு எரியுது.

நடுச்சாமத்தில ஓடுற ஆக்களுக்கு இந்தக் கதை இல்ல, இருட்டினா அதுகள் மரத்தில ஏறி அடைஞ்சிடும். விடிஞ்சு வெளிச்சம் வாற நேரம்தான் இறங்கி கறையான், பூச்சி, விதை எண்டு கிளறும், நெல்லு லொறியில இருந்து சிந்தினதையும் பொறுக்கும். லொறிக்கார அண்ணமார் படங்கை இறுக்கிக் கட்டினாலே பாதிக் கோழி தார் றோட்டுக்கு ஏறாது. சோத்துப் பார்சலையும் ஜன்னலால எறிய விடாதீங்க, அதுக்கு நாயும் காகமும் வரும், வந்தா குஞ்சு மிஞ்சாது.

இன்னொண்டு, கோழியைக் கண்டா கோர்ன் அடிக்காதீங்க. பெரிசு படபடவெண்டு பறந்திடும், குஞ்சுகள் நாலு பக்கமும் சிதறும், பிறகு தாய் திரும்ப றோட்டுக்குத்தான் வரும். சும்மா ஸ்லோ பண்ணினாலே கூப்பிட்டுக்கொண்டு பத்தைக்குள்ள போயிடும். ஆனா பின்னால வாகனம் ஒட்டிக்கொண்டு வந்தா சடன் பிரேக் மட்டும் போடாதீங்க, பஸ்ஸுக்குள்ள இருக்கிறதும் உயிர்தான்.

உங்கட சங்கக் கூட்டத்தில இதை ஒருக்கா எடுத்துக் கதையுங்க, புதுசா இந்த றூட்டுக்கு வாற பொடியங்களுக்கும் சொல்லி விடுங்க.