தீப்பற்றுமா, பற்றாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேங்கர் கவிழ்ந்தது, பெயின்ட் கிடங்கில் தீ என்பது போன்ற செய்திகளைத் தமிழாக்கும்போது 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல் 'தீப்பற்றாத' என்று ஆகிவிடுவதுண்டு. அதன் பொருள் நேர் எதிரானது: எளிதில் தீப்பற்றக்கூடிய.

குழப்பம் முன்னால் நிற்கும் 'இன்' என்பதால் வருகிறது. லத்தீனில் இரண்டு 'இன்' உண்டு. 'இன்விசிபிள்', 'இன்கரெக்ட்' ஆகியவற்றில் இருப்பது 'இல்லை' என்று மறுக்கும் 'இன்'; 'அநீதி', 'அநியாயம்' என்பவற்றின் முன்னொட்டுக்கு அது உறவு. மற்றொன்று 'உள்ளே' என்று பொருள்படும். தீமூட்டுவதைக் குறிக்கும் 'இன்ஃப்ளமாரே' என்ற லத்தீன் வினையில் இருப்பது இந்த இரண்டாவது 'இன்'. மருத்துவர்கள் சொல்லும் 'இன்ஃப்ளமேஷன்' அதே வேரில் பிறந்தது. அதற்குத் தமிழில் 'அழற்சி' என்கிறோம். அழல் என்றாலும் தீதான். மிகப் பொருத்தமான கலைச்சொல்.

'இன்ஃப்ளேமபிள்' 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆங்கிலத்தில் உள்ளது. 'ஃப்ளேமபிள்' 1813-இல்தான் அச்சேறியது. இரண்டுக்கும் ஒரே பொருள். தவறாகப் படித்தால் உயிர் போகும் என்பதால், 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதச் சொன்னது. நம் நாட்டில் பழைய சொல் இன்னும் மறையவில்லை. 1952-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் பெயரிலேயே அது இருக்கிறது. பெட்ரோல் லாரிகளின் பின்புறத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருப்பதையும் தினமும் பார்க்கிறோம். தீப்பற்றாத பொருளுக்கு ஆங்கிலத்தில் 'நான்-ஃப்ளேமபிள்' என்பதே சொல்.

பக்கத்தில் நிற்கும் இன்னும் இரண்டு சொற்களிலும் கவனம் வேண்டும். 'கம்பஸ்டிபிள்' என்பது எரியக்கூடியது. மரக்கட்டை எரியும், ஆனால் பெட்ரோல்போல ஒரு பொறியில் பற்றிக்கொள்ளாது. திரவங்களில் இந்த வேறுபாட்டை 'ஃப்ளாஷ் பாயின்ட்' காட்டுகிறது. நெருப்பைக் காட்டினால் திரவத்தின் ஆவி பற்றும் குறைந்தபட்ச வெப்பநிலை அது. இந்தியப் பெட்ரோலியச் சட்டப்படி அது 23 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இருந்தால் 'ஏ' வகுப்பு, 23 முதல் 65-க்குள் 'பி', 65 முதல் 93-க்குள் 'சி'. நம் ஊர் வெயிலில் 'ஏ' வகுப்புத் திரவம் மூடி திறந்திருந்தாலே ஆபத்து. ஆகவே 'இன்ஃப்ளேமபிள்', 'கம்பஸ்டிபிள்' இரண்டையும் 'எரியக்கூடிய' என்று ஒரே சொல்லில் அடக்குவது சரியல்ல.

'ஃபயர் ரிடார்டன்ட்' என்ற சொல்லையும் 'தீப்பற்றாத' என்று எழுதிவிடுகிறார்கள். அத்தகைய திரைச்சீலையும் எரியும். தீ பரவுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. 'தீப்பற்றாத' என்று படித்தவர் அதை அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுவிடுவார்.

'இன்ஃப்ளேமபிள்', 'ஃப்ளேமபிள்' இரண்டுக்கும் 'எளிதில் தீப்பற்றும்' என்ற ஒரே தொடரைத் தங்கள் செய்திப் பிரிவினர் கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்