அந்தப் பத்து நிமிடம்: காரைக்குடியைச் சுற்றி மனை விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் மனைப்பிரிவு போட்டு விற்கும் ஐயாமார்களுக்கும் அவர்களுடைய தரகர்களுக்கும் வணக்கம்.

நான் செக்காலைப் பக்கம் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறேன். பாத்திர மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். என் கணவர் திருச்சியில் ஒரு பட்டறையில் மேற்பார்வையாளர். சீசன் டிக்கெட் வைத்துக்கொண்டு தினமும் ரயிலில் போய் வருகிறார்; போக ஏறக்குறைய 90 கிலோமீட்டர், வர அதே அளவு. மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். கடந்த எட்டு மாதங்களில் உங்களுடைய மனைப்பிரிவுகளில் பதினொன்றைப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றின் வாசலிலும் ஒரு வளைவு நின்றது. எல்லாத் துண்டறிக்கைகளிலும் “பேருந்து நிலையத்திலிருந்து 10 நிமிடம்” என்று அச்சாகியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும்.

மனை பார்க்க நீங்கள் எங்களை அழைத்துப்போவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை, பகல் 11 மணி வாக்கில். வாசலுக்கே கார் வந்துவிடுகிறது. உள்ளே குளிர்சாதனம், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். கடைசியாக வந்த தரகர் தம்பி நல்ல பையன். என்னை அக்கா என்றும் இவரை அண்ணன் என்றும் வாய் நிறைய அழைத்தான். சாலையில் ஆளே இல்லை. அப்படியிருந்தும் என் கைக்கடிகாரத்தில் 16 நிமிடம் ஆயிற்று. கேட்டதற்கு, “விளம்பரத்தில் எல்லோரும் பத்து என்றுதான் போடுவார்கள் அக்கா” என்று சிரித்தான். பொய் சொல்லத் தெரியாத பையன், இந்தத் தொழிலில் எத்தனை நாள் நிற்பானோ.

இடம் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், அவற்றில் சிவப்பில் எண்கள். எங்களுக்குக் காட்டியது 37ஆம் எண். நுழைவாயில் தூண்களில் ஆத்தங்குடிக் கல் மாதிரி அச்சடித்த தாளை ஒட்டியிருந்தீர்கள். ஒரு மழைக்கே அது ஓரத்தில் சுருண்டுகொண்டிருந்தது. உள்ளே இரண்டு வரிசைத் தென்னங்கன்றுகள், பாதி கருகியவை. பந்தலில் மோர் கொடுத்தீர்கள். அன்றே முன்பணம் கட்டினால் குலுக்கலில் தங்க நாணயம் என்றீர்கள். 3 சென்ட், அதாவது 1,307 சதுர அடி. சென்ட் 2 லட்சத்து 80 ஆயிரம். அதற்கு முந்தின வாரம் கோட்டையூர்ச் சாலையை ஒட்டிப் பார்த்த மனைக்குச் சென்ட் 4 லட்சத்து 80 ஆயிரம் சொன்னார்கள். மூன்று சென்ட்டுக்கு 6 லட்சம் மிச்சம். என் கணவர் 37ஆம் எண் கல்லின் மேல் காலை வைத்துக்கொண்டு, சமையலறை எந்தப் பக்கம் வரும் என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மறுநாள் திங்கள்கிழமை மாலை, கடை சாத்தியபிறகு, யாரிடமும் சொல்லாமல் நான் தனியாக அங்கே போனேன். உங்கள் காரில் அல்ல, டவுன் பஸ்ஸில். சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தச் சலுகை வந்தபிறகுதான் என்னைப் போன்ற பலர் ஊருக்கு வெளியே மனை வாங்கலாமா என்றே யோசிக்கத் துணிந்தோம். பழைய பேருந்து நிலையத்தில் 50 நிமிடம் காத்திருந்தேன். பஸ் என்னைப் பிரதான சாலையில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து உங்கள் வளைவு வரைக்கும் 1,840 எட்டு. எண்ணினேன், கணக்கு எழுதுகிறவளின் பழக்கம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். பாதி வழியில் கைப்பேசி வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டேன். அந்த வழி முழுவதற்கும் ஒரே ஒரு விளக்குதான் எரிந்தது. அதுவும் நடப்பவருக்காக இல்லை, வளைவில் எழுதியிருக்கும் உங்கள் பெயருக்காக. ஊருக்குத் திரும்பக் கடைசி பஸ் 8.10 மணிக்கு என்று நடத்துநர் சொல்லியிருந்தார். திரும்பி ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். என் கணவரின் ரயில் நல்ல நாளிலேயே எட்டரைக்குத்தான் காரைக்குடி ஜங்ஷனுக்கு வரும்.

அன்றிரவு கணக்குப் போட்டேன். அங்கே குடியேறினால் அவர் நிலையத்துக்குப் போய்வர ஒரு நாளைக்கு 24 கிலோமீட்டர் வண்டி ஓட்ட வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில் மாதம் 1,400 ரூபாய். மகளின் பள்ளி வேனுக்கு அந்தத் தூரத்துக்குக் கூடுதலாக 1,800 கேட்டார்கள். கடையில் சரக்கு இறங்கும் நாட்களில் எனக்குக் கடைசி பஸ் கிடைக்காது. மாதம் ஐந்து முறை ஆட்டோ என்று வைத்தால் 1,250. மொத்தம் 4,450 ரூபாய். வங்கியில் 8.5 சதவீத வட்டிக்கு 20 ஆண்டுக் கடன் வாங்கினால் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 868 ரூபாய். அப்படியானால் 4,450 ரூபாய் என்பது 5 லட்சத்துக்கு மேற்பட்ட கடனின் தவணை. நீங்கள் மிச்சப்படுத்திக் கொடுத்ததாகச் சொன்ன 6 லட்சத்தில் 5 லட்சத்தைச் சாலை தின்றுவிடுகிறது. எஞ்சிய ஒரு லட்சத்துக்கு நாங்கள் மூன்று பேரும் தினமும் இரண்டு மணி நேரத்தை விற்க வேண்டும், அதுவும் 20 ஆண்டுகளுக்கு. பாத்திரக் கடையில் யாராவது இப்படி ஒரு பேரம் பேசினால் முதலாளி அவரைத் திண்ணையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்.

பஸ் விடுவது எங்கள் வேலையா என்று நீங்கள் கேட்பீர்கள். இல்லைதான். ஆனால் பஸ் எத்தனை மணி வரை வருகிறது என்று சொல்வது உங்கள் வேலை. உங்கள் நிலத்தில் நீங்கள் விற்பது மண்ணை மட்டுமல்ல, அங்கிருந்து போய்வரும் வழியையும் சேர்த்துத்தான். பத்து நிமிடம் என்று நீங்களே அச்சிட்டு விலையில் ஏற்றிக்கொண்டபிறகு அது எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று சொல்ல முடியாது. வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம் 2016இல் வந்தது. விளம்பரத்திலோ துண்டறிக்கையிலோ பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி ஒருவர் நஷ்டப்பட்டால் இழப்பீடு தர வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. விற்பனை உடன்படிக்கையைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது 13ஆம் பிரிவு. என்னிடம் அந்தப் பந்தலில் கேட்கப்பட்டது 25 சதவீதம், வெள்ளைத்தாளில் ஒரு ரசீதுக்கு. தரகர் தம்பியிடம் பிரிவு எண்ணைச் சொன்னேன். குறித்துக்கொண்டான், பாவம்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. 8 லட்சத்து 40 ஆயிரம் மனைக்கு 8,400 ரூபாய். தங்க நாணயத்தைவிட இது எங்களுக்கு உறுதியான பரிசு. உங்கள் துண்டறிக்கையில் இதற்கு இடமில்லை, நீச்சல்குளத்தின் படத்துக்கு மட்டும் இடமிருந்தது.

நான் குடியிருக்கும் வீடு முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடிகிறது. வீட்டுக்காரர் ஆச்சி சென்னையில் மகனோடு இருக்கிறார். பங்காளிகள் பலர் என்பதால் முன்கட்டு பூட்டியே கிடக்கிறது. எங்கள் தெருவில் இப்படிப் பூட்டிய வீடுகளை எண்ணினால், வாடகை வீடு கிடைக்காமல் அலைகிற என்னைப் போன்றவர்களுக்கு வயிறு எரியும். அது வேறு மடலுக்கான விஷயம். இந்த வீட்டைக் கட்டிய ஐயாவின் படம் நிலைக்கதவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அந்தக் காலத்தில் ரங்கூனுக்கும் மற்ற இடங்களுக்கும் ஏஜெண்டாகப் போனவர்களின் பணித் தவணை மூன்று வருடம். மூன்று வருடத்துக்கு ஒரு முறை வீடு திரும்புகிறவருக்கு வீடு எங்கே இருந்தால் என்ன? மாட்டுவண்டியில் ஒரு நாள் கூடுதலாகப் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது. நாங்கள் தினமும் திரும்ப வேண்டியவர்கள். செட்டிநாட்டுத் தூணையும் வளைவையும் மட்டும் அந்த வீடுகளிலிருந்து எடுத்துக்கொண்டு எங்களிடம் நீட்டினால் எப்படி?

அந்த வீடுகளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டிருக்க வேண்டியது வேறு ஒன்று. முற்றத்தில் விழும் மழை எங்கே போகும் என்று முதலிலேயே பார்த்துவிட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். ஓட்டிலிருந்து முற்றம், முற்றத்திலிருந்து கல் வாய்க்கால் வழியாகத் தெரு, தெருவிலிருந்து ஊருணி. தெருக்கள் நேர்கோட்டில் கிடப்பதும், வீட்டின் தரை தெருவைவிட அத்தனை உயரத்தில் இருப்பதும் சும்மா அழகுக்கு மட்டுமல்ல. உங்கள் மனைப்பிரிவில் அன்று மாலை ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெரியம்மாவைப் பார்த்தேன். 37ஆம் எண் கல்லைக் காட்டி, இது எந்த இடம் என்று கேட்டேன். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் போன தடம் என்றார். கையிலிருந்த கம்பால் தரையில் கோடு கிழித்தே காட்டினார். கோடு 34இல் தொடங்கி 41 வரை போயிற்று. பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தேன். அந்தக் கோடு எதிலும் இல்லை. பழைய நில அளவைப் புலப்படத்தில் இருக்கிறதா என்று பார்க்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. என்ன பார்த்தேன் என்பது உங்களில் ஒருவருக்குத் தெரியும். பெயர் சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை.

உங்களில் நேர்மையானவர்களே இல்லை என்று நான் சொன்னால் அது பாவம். கண்டனூர் பக்கம் ஒரு பெரியவர், என் கேள்வியை முடிக்கும் முன்பே, “பஸ் தூரம் அம்மா, வீட்டில் இரண்டு வண்டி இல்லையென்றால் வாங்காதீர்கள்” என்றார். எங்களால் அங்கே வாங்க முடியவில்லை. ஆனால் வண்டி வைத்திருக்கும் இரண்டு குடும்பங்களை அவரிடம் நானே அனுப்பினேன். உள்ளதைச் சொன்னதில் அவருக்கு ஒரு மனையும் குறையவில்லை.

2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சங்கராபுரம், அரியக்குடி போன்ற ஊராட்சிகளும் அதில் சேர்ந்தன. அந்த வாரமே பல இடங்களில் உங்கள் பலகையில் “மாநகராட்சி எல்லைக்குள்” என்ற வரி ஏறியது, கூடவே விலையும். எல்லை மாறினால் பெயர்ப்பலகை மாறுகிறது. பஸ்ஸின் நேரம் தானாக மாறுவதில்லை. மனைப்பிரிவுச் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் அங்கே தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கேட்டுப் பெற வழி பிறக்கும். அந்தப் பத்திரத்தின் நகலைக் கேட்டபோது பதினோரு இடங்களில் நான்கில்தான் காட்டினார்கள். சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர்க்காரி நான். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க மாட்டேன்.

நிலத்தை எங்கே வைப்பது என்று தெரிந்த ஒருவரை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அழகப்பச் செட்டியார் சிக்ரி என்ற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். கல்லூரிகளையும் செட்டியார் அந்தப் பக்கமே வளர்த்தார். அதனால்தான் இன்றைக்கும் கல்லூரிச் சாலையில் நின்றால் ஏதாவது ஒரு பஸ் வந்துவிடுகிறது. ஆட்கள் சேர்ந்திருக்கும் வழியில்தான் பஸ் ஓடும். ஊருக்கு 12 கிலோமீட்டருக்கு அப்பால், கருவேலங்காட்டுக்கு நடுவே, 60 மனை போட்டு அதில் ஏழு வீடு எழும்பினால் யார் பஸ் விடுவார்கள்?

ஆகையால் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த மனைப்பிரிவைப் பஸ் இப்போதே ஓடுகிற சாலையை ஒட்டிப் போடுங்கள். கோட்டையூரிலும் செட்டிநாட்டிலும் ரயில் நிலையம் இருக்கிறது. எல்லா வண்டியும் நிற்பதில்லை என்றாலும், நடந்துபோகும் தூரத்தில் நிலம் இருந்தால் அதையும் பாருங்கள். அங்கே விலை அதிகம் என்றால் மனையைச் சிறிதாக்குங்கள். எங்களுக்கு 5 சென்ட்டும் தோட்டமும் வேண்டாம். இரண்டு சென்ட்டில் மாடி வைத்துக் கட்டிக்கொள்வோம். பலகையில் நிமிடக் கணக்கை எடுத்துவிட்டு, நிறுத்தத்திலிருந்து எத்தனை மீட்டர், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டே எண்களை எழுதுங்கள். அவற்றைப் பார்த்தால் வாங்கலாமா வேண்டாமா என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கார் அனுப்புவதாகத் தரகர் தம்பி சொல்லியிருக்கிறான். வேண்டாம். திங்கள்கிழமை மாலை ஏழு மணிக்குப் பழைய பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். உங்களில் யாருக்கு மனை விற்க வேண்டுமோ அவர் வரலாம், சேர்ந்தே பஸ் ஏறுவோம். கையோடு ஒரு டார்ச்சும் குடையும் கொண்டுவாருங்கள். அந்த நிறுத்தத்தில் நிழற்குடை கிடையாது.

இப்படிக்கு,
செக்காலையில் பின்கட்டில் குடியிருக்கும் கணக்குக்காரி